தங்கவயலில் பழகிய ஆங்கில வினைகள்



தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல் ஒன்று உண்டு. வழி கேட்கிறோம்; பாட்டுக் கேட்கிறோம்; எங்கோ இடியோசை கேட்கிறது; பெரியோர் சொல்லைக் கேட்டு நடக்கிறோம்; கூலி உயர்வு கேட்கிறோம். இத்தனைக்கும் நமக்கு ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் அப்படியன்று. வழியைக் கேட்க 'ஆஸ்க்' என்றும், பாட்டைக் கேட்க 'லிஸன்' என்றும், இடியோசை கேட்க 'ஹியர்' என்றும், சொல்லைக் கேட்டு நடக்க 'ஒபே' என்றும் வெவ்வேறு வினைகள் வேண்டும். கூலி உயர்வு கேட்பதிலோ நான்கு வினைகள் போட்டியிடும். 'ஆஸ்க்' என்பதா, 'ரிக்வெஸ்ட்' என்பதா, 'பெக்' என்பதா, 'டிமாண்ட்' என்பதா? நான்கும் கேட்டலே. ஆனால் எந்த வினையை எடுக்கிறோமோ, அதைப் பொறுத்துக் கேட்பவன் நிற்கும் இடமே மாறிவிடுகிறது.

ஊர்விட்டு ஊர் சென்று பிழைக்கும் தமிழர்க்கு இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. அகராதியைத் திறந்தால் ஒரு பொருளுக்கு ஐந்து வினைகள் கிடைக்கின்றன. ஆயினும் எதை எங்கே வைப்பது என்பதை அகராதி எப்போதும் சொல்வதில்லை. இந்தத் தேர்வுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தமிழர் பெருந்திரளாகக் குடியேறி, ஆங்கிலத்தோடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பழகிய கோலார் தங்கவயலின் வழியாக அச்சரித்திரத்தைச் சிறிது காண்போம்.

கோலார் வட்டாரத்தில் பொன் கிடைப்பதைப் பற்றி 1802ஆம் ஆண்டிலேயே நில அளவைப் பணிக்கு வந்த ஜான் வாரன் என்னும் படை அதிகாரி எழுதி வைத்தார். அவர் வருமுன்னரே அவ்வூர் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுத்து வந்தனர். 1870-களில் லாவெல் என்னும் ஐரிஷ் நாட்டு முன்னாள் போர்வீரர் சுரங்கம் தோண்ட மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். 1880-களின் தொடக்கத்தில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் நிறுவனம் நிருவாகத்தை ஏற்றது. அதன் பின்னரே சாம்பியன் ரீப், ஊரிகம், மைசூர், நந்திதுருக்கம் என்னும் சுரங்கங்கள் செழித்தன. ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைக்க வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். மாரிகுப்பம், ராபர்ட்ஸன்பேட்டை, ஆண்டர்ஸன்பேட்டை எங்கும் தமிழ் ஒலித்தது. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலில் இயங்கியதென்றால், அங்கே தமிழ்ப் படிப்பு எத்தகைய வேர் கொண்டிருந்தது என்பது விளங்கும்.

இத்தமிழர்க்கு முதலில் வாய்த்த ஆங்கிலம் எது? ஷேக்ஸ்பியரின் ஆங்கிலமன்று. லண்டன் அலுவலகத்தின் ஆங்கிலமும் அன்று. சுரங்கத்தில் மேற்பார்வை செய்யப் பெருவாரியாக வந்தவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் நாட்டவர். தலைமுறை தலைமுறையாகத் தகரமும் செம்பும் தோண்டியவர்கள். தம் நாட்டில் சுரங்கத் தொழில் நலியவே, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று உலகெங்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். இவர்களைப் பற்றி நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. கார்ன்வாலுக்கென்று கார்னிஷ் என்னும் தனிமொழி இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது மக்களின் பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஆகவே தங்கவயலில் தமிழர்க்கு ஆங்கிலச் சொற்களைத் தந்த கார்ன்வாலியரின் முன்னோரும் ஆங்கிலத்தைப் பிற்காலத்தில் கற்றுக்கொண்டவர்களே. அவர்கள் தந்த வினைகள் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். கையும் காலும் செய்யும் தொழிலோடு ஒட்டிய சொற்கள்.

'தோண்டு' என்னும் ஒரே தமிழ் வினையை எடுத்துக்கொள்வோம். தோட்டக்காரன் மண்ணைத் தோண்டினால் ஆங்கிலேயன் அதை 'டிக்' என்பான். சுரங்கத்தான் அப்படிச் சொல்வதில்லை. மேலிருந்து கீழ்நோக்கிச் செங்குத்தாகக் குழி இறக்குவது 'ஸிங்க்'. பொன் படிந்த பாறையை ஒட்டிக் கிடையாக வழி குடைந்து செல்வது 'டிரைவ்'. ஒரு தளத்திலிருந்து மேல்நோக்கிக் குடைவது 'ரெய்ஸ்'. படிப்படியாக வெட்டித் தாதுவை எடுப்பது 'ஸ்டோப்'. இந்நான்கையும் பொதுவாகத் 'தோண்டு' எனலாம். ஆனால் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் வேலையே தவறிப் போகும். ஏனெனில் கீழே இறங்கு என்பதற்கும் மேலே ஏறு என்பதற்கும் உள்ள வேற்றுமை அவ்வினைகளுக்குள் அடங்கியிருக்கிறது.

வெடி வைத்தலிலும் இதே நுட்பம் உண்டு. துளையில் மருந்தை நிரப்புவது 'சார்ஜ்'. அதனைக் கொளுத்தி வெடிக்கச் செய்வது 'பயர்'. பாறையைத் தகர்த்தலாகிய முழுத்தொழில் 'பிளாஸ்ட்'. மனிதன் கருதாமல் ஒன்று தானே வெடித்தால் அது 'எக்ஸ்ப்ளோட்'. முதல் மூன்றும் தொழில், நான்காவது விபத்து. மனிதரையும் தாதுவையும் கூண்டில் ஏற்றி இறக்கும்போது ஏற்று, இறக்கு, நிறுத்து என்னும் கட்டளைகளை மணியடித்துத் தெரிவிப்பர். ஒவ்வொரு கட்டளைக்கும் இத்தனை மணி என்று எண்ணிக்கை உண்டு. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறுவதும் அங்கே நேர்ந்தது. அத்தகைய இடத்தில், 'இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒன்றுதானே' என்னும் அசட்டைக்கு இடமில்லை. ஒரு பொருட்குப் பல வினை இருப்பது அழகுக்காக அன்று, வேறுபாட்டுக்காக என்னும் பாடத்தைத் தொழிலே கற்பித்தது எனலாம்.

ஆனால் தரைக்கு மேலே வேறோர் ஆங்கிலம் இருந்தது. அதுவே அலுவலக ஆங்கிலம். அங்கே ஒருவர் வேலையைத் தொடங்குவதில்லை; 'கமென்ஸ்' செய்வார். முடிப்பதில்லை, 'டெர்மினேட்' செய்வார். சொல்வதில்லை, 'இன்பார்ம்' செய்வார். வாங்குவதில்லை, 'பர்ச்சேஸ்' செய்வார். சுரங்கத் தொழிலாளி 'கோ டவுன்' என்று சொல்லி அன்றாடம் இறங்கிய குழிக்குள், அறிக்கையில் அவன் 'டிஸென்ட்' செய்தான்.

ஆங்கிலத்தில் இந்த இரட்டை வழக்கு ஏன் வந்தது? 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது; திருச்சபையிலும் கல்விச்சாலையிலும் லத்தீன் வீற்றிருந்தது; வயலிலும் அடுக்களையிலும் பட்டறையிலும் பழைய ஆங்கிலமே வழங்கியது. பிற்காலத்தில் மூன்றும் ஒரே மொழியாகக் கலந்தபோது, ஒரே பொருளுக்கு மூன்று படியில் சொற்கள் நின்றுவிட்டன. வினவுதற்கு 'ஆஸ்க்' என்பது குடியானவன் சொல். 'குவெஸ்சன்' என்பது பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டராகேட்' என்பது லத்தீன் வழி வந்தது. முதலாவதை நண்பர் செய்வர். இரண்டாவதை ஆசிரியர் செய்வார். மூன்றாவதைக் காவல் அதிகாரி செய்வார்.

நம் மொழியிலும் இதற்கு நிகரான வழக்கு இல்லாமலில்லை. பத்திரம் எழுதுபவர் நிலத்தைக் 'கிரயம் செய்தேன்' என்று எழுதுவார். ஆனால் சந்தையிலிருந்து திரும்பும் எவரும் 'கத்தரிக்காய் கிரயம் செய்தேன்' என்று சொல்லமாட்டார். சொன்னால் சிரிப்போம். அதே நாம் ஆங்கிலத்தில் மட்டும் கத்தரிக்காயைப் 'பர்ச்சேஸ்' செய்துவிட்டு, நல்ல ஆங்கிலம் பேசிவிட்டோம் என்று எண்ணிக்கொள்கிறோம். காரணம் யாதெனில், இந்நாட்டிற் பெரும்பாலோர் ஆங்கிலத்தை அடுக்களையில் கற்கவில்லை. பாடநூலிலும் மனுவிலும் அரசாங்கக் கடிதத்திலும் கற்றார்கள். ஏட்டில் கற்ற மொழி ஏட்டின் உடையையே உடுத்து வருவது இயல்புதானே.

மனுவின் மொழியை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பழைய மனுக்களில் ஒருவன் ஒரு செய்தியைத் தெரிவிக்கக்கூட 'ஐ பெக் டு ஸ்டேட்' என்றுதான் தொடங்குவான். அதாவது, சொல்வதற்கே இரந்து நிற்பான். தமிழில் 'எங்களுக்கு நியாயம் கேட்கிறோம்' என்று தொழிலாளர் நிமிர்ந்து சொன்னதை மனு எழுதுபவர் 'பெக்' என்று எழுதினால் அவர்கள் இரவலராகிறார்கள். 'ரிக்வெஸ்ட்' என்று எழுதினால் பணிவுள்ள ஊழியராகிறார்கள். 'ஆஸ்க்' என்று எழுதினால் சமமாக நின்று பேசுபவராகிறார்கள். 'டிமாண்ட்' என்று எழுதினால் உரிமை உடையவராகிறார்கள்.

இது வியப்பான புதுமையன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்னும் மூன்று வினைகளையும் ஒருவன் மற்றொருவனிடம் ஒரு பொருளை வேண்டும் இடத்தில் வைத்து வேறுபடுத்தினார். தன்னினும் உயர்ந்தவனிடம் வேண்டுவோன் 'ஈ' என்பான். ஒத்தவனிடம் 'தா' என்பான். தாழ்ந்தவனிடம் 'கொடு' என்பான் என்பது அவர் காட்டிய முறை. பிற்காலத்து நன்னூலும் அதனை வழிமொழிந்தது. மூன்றாலும் பெறும் பொருள் ஒன்றே. பெறுபவன் நிலைதான் வேறு. வினைச்சொல்லைத் தேர்வது என்பது மனிதர்க்கிடையே உள்ள உறவைத் தேர்வதாகும் என்னும் உண்மையை நம் இலக்கணம் அன்றே கண்டிருந்தது.

1930ஆம் ஆண்டில் தொழிலாளர் விரல் ரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது, தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. குற்றவாளிகளிடம் எடுக்கும் ரேகையை உழைப்பவனிடம் எடுப்பதா என்னும் மானவுணர்ச்சி அதில் இருந்தது. வாரக்கணக்கில் நீடித்த அவ்வேலைநிறுத்தத்தை 'பெக்' என்னும் வினையால் எழுத இயலுமா? 1940-களில் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்ற பின்னர், 'டிமாண்ட்' என்பது இந்தியத் தொழிலாளர் அனைவரும் அறிந்த சொல்லாயிற்று. ஆயினும் ஒரு விந்தை காண்க. அச்சொல்லின் தாயாகிய பிரெஞ்சு வினைக்குக் 'கேள்' என்பதே பொருள். அதில் அதட்டல் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த தமிழர் இதனை நன்கு அறிவர். ஆங்கிலத்துக்குள் புகுந்த பின்னரே அதற்குக் கடுமை ஏறியது. ஆகவே கடையில் தேநீரை 'டிமாண்ட்' செய்தல் தகாது. நியாயமான கூலியை 'பெக்' செய்தலும் தகாது. இயல்பான சொல் என்பது எப்போதும் எளிய சொல் என்பதன்று. இடத்துக்கும் நிலைக்கும் ஏற்ற சொல் என்பதே.

எந்த வினைகள் அன்றாட வழக்குக்கு உரியவை என்பதை அறிஞர்களும் 20ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தார்கள். 1926ஆம் ஆண்டில் பௌலர் என்பார் ஆங்கில வழக்கைப் பற்றிய தம் நூலில், எளிய சொல் இருக்கப் பகட்டான சொல்லைத் தேடுவதைக் கண்டித்தார். 1930ஆம் ஆண்டில் ஆக்டன் என்பார் 850 சொற்களாலான அடிப்படை ஆங்கிலம் ஒன்றை வகுத்தார். அதில் வினையாக அவர் வைத்தவை 18 மட்டுமே. வா, போ, கொடு, வாங்கு, வை, செய், சொல், பார் போன்ற பொருளுடைய சிறு வினைகளைக் கொண்டு பெரும்பான்மையான செயல்களைச் சொல்லிவிடலாம் என்று அவர் கருதினார்.

நம் நாட்டிலேயே பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பாரை நாம் மறத்தலாகாது. டாக்கா நகரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்த அவர், வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலப் பாடநூலில் படும் துன்பத்தைக் கண்டு, பெருவழக்கான சொற்களையே முதலில் கற்பிக்க வேண்டும் என்று பாடங்களை அமைத்தார். அவர் பதிப்பித்த பெருவழக்குச் சொற்பட்டியல் 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பார், ஒவ்வொரு வினையும் எத்தகைய வாக்கியத்தில் அமையும் என்பதைக் காட்டும் அகராதியைத் தம் துணைவர்களோடு தொகுத்தார். 1987ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார், கணிப்பொறியில் சேர்த்த கோடிக்கணக்கான சொற்களை ஆராய்ந்து 'கோபில்டு' என்னும் அகராதியை வெளியிட்டனர். இவர்கள் எல்லோரும் கண்டது ஒன்றே. ஆங்கிலத்தின் பெருஞ்சுமையை இழுத்துச் செல்வன சில சிறு வினைகளே. கல்லாதவர் என்று கருதப்பட்ட சுரங்கத் தொழிலாளியின் காதில் விழுந்த வினைகளும் பெரும்பாலும் அவையே.

இனி, தமிழர்க்கு வழுக்கும் இடங்கள் சிலவற்றைக் காண்போம். 'பார்' என்பதற்கு மூன்று வினைகள் உண்டு. தானே கண்ணிற் படுவது 'ஸீ'. நாமே கண்ணைத் திருப்பிப் பார்ப்பது 'லுக்'. நடப்பதைத் தொடர்ந்து பார்ப்பது 'வாட்ச்'. ரயிலில் வருவோர் தொலைவிலிருந்தே தங்கவயலின் சயனைடு மண்மேடுகளை 'ஸீ' செய்வர். நிலையத்தின் அறிவிப்புப் பலகையை 'லுக்' செய்வர். மாலையில் கால்பந்தாட்டத்தை 'வாட்ச்' செய்வர். 'சொல்' என்பதற்கு வார்த்தையை நோக்கினால் 'ஸே'. கேட்கும் ஆளை நோக்கினால் 'டெல்'. ஆளைக் குறிக்கும் சொல் உடனே தொடர்ந்தால் 'டெல்' என்று கொள்வது எளிய வழி.

'வை' என்பதில் நம்மவர் பெரிதும் இடறுகின்றனர். புத்தகத்தை மேசைமேல் வை என்பதற்குக் 'கீப்' என்கின்றனர். அங்கே வேண்டியது 'புட்'. இதற்குத் திறவுகோல் தமிழிலேயே இருக்கிறது. நாம் 'வை' என்று சொல்லுமிடத்தில் ஆங்கிலத்தில் 'புட்'. 'வைத்திரு' என்று சொல்லுமிடத்தில் 'கீப்'. அதுபோலவே சட்டையைப் 'போடு' என்பது 'புட் ஆன்'. 'போட்டிரு' என்பது 'வேர்'. பந்தைப் 'பிடி' என்பது 'கேட்ச்'. கயிற்றைப் 'பிடித்திரு' என்பது 'ஹோல்ட்'. நாம் 'இரு' என்னும் துணைவினையால் காட்டும் வேற்றுமையை ஆங்கிலேயன் வேறொரு வினையால் காட்டுகிறான். தாய்மொழியை மறந்தால்தான் பிறமொழி வரும் என்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

'அணை' என்பது மற்றொன்று. அடுப்பு நெருப்பையும் மெழுகுவர்த்தியையும் அணைப்பது 'புட் அவுட்'. மின்விளக்கை அணைப்பது 'ஸ்விட்ச் ஆப்'. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 90 மைல் தொலைவு கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் பல நகரங்கள் எண்ணெய் விளக்கில் இருந்த காலத்தில் தங்கவயலில் மின்விசை ஓடியது. கருவி புதிதானபோது ஆங்கிலம் வினையையும் புதிதாக்கிக்கொண்டது. தமிழ் பழைய வினைக்கே புதுப்பொருள் தந்தது. இரண்டும் மொழிக்கு இயல்பே. குழாய் நீரைத் 'திற', 'மூடு' என்கிறோம். ஆங்கிலத்திலோ 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆப்' என்பதே இயல்பு. காபி சாப்பிடுவதற்கு 'ஈட்' ஆகாது. 'டிரிங்க்' அல்லது 'ஹேவ்'. மாத்திரை சாப்பிடுவதற்கு 'டேக்'. விடைபெறும்போது 'போய் வருகிறேன்' என்னும் நம் இனிய வழக்கைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், கேட்பவர் நாம் திரும்பி வரும்வரை காத்திருப்பார்.

கதவுக்கும் சன்னலுக்கும் 'ஷட்', 'க்ளோஸ்' இரண்டும் பொருந்தும். கூட்டத்துக்கும் கணக்குக்கும் 'க்ளோஸ்' என்பதே பொருந்தும். ஆலைக்கும் சுரங்கத்துக்கும் பத்திரிகைகளும் அறிக்கைகளும் பெரும்பாலும் அதையே எழுதும். 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசு இச்சுரங்கங்களை ஏற்றது. 1962ஆம் ஆண்டில் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972ஆம் ஆண்டில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. ஆவணத்தில் அது ஒரு சிறு வினை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கோ, பாட்டன் தொட்டுப் பழகிய தொழிலும் அத்தொழிலோடு வந்த சொற்களும் ஒரே நாளில் பயனற்றுப் போன நிகழ்ச்சி. ஸிங்க், டிரைவ், ஸ்டோப் என்பவற்றை நன்கறிந்த தொழிலாளியின் மகனும் மகளும் இன்று விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே அவர்களை வேலைக்குத் தேர்வோர் பாறை உடைக்கும் திறனைப் பார்ப்பதில்லை. நேர்முகத் தேர்வில் அவர்கள் வாயிலிருந்து வரும் ஆங்கிலத்தையும் சேர்த்தே எடைபோடுகின்றனர்.

அவர்களுக்கும், அவர்களைப் போலவே பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கும் சொல்லத்தக்கது இதுதான். புதிய ஆங்கில வினை ஒன்றைக் கற்கும்போது அதன் பொருளை மட்டும் கேளாதீர்கள். இதை யார் யாரிடம் சொல்வார், எந்தப் பொருளோடு சேர்த்துச் சொல்வார், வாயாற் சொல்வாரா ஏட்டில் எழுதுவாரா என்னும் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு சொற்களில் ஐயம் எழுந்தால், பேச்சுக்குச் சிறிய சொல்லையே எடுங்கள். உரிமையைச் சொல்லும் இடத்தில் இரக்கும் வினையை எடுக்காதீர்கள். உதவி வேண்டும் இடத்தில் அதட்டும் வினையை எடுக்காதீர்கள். ஈ, தா, கொடு என்று மூன்றைப் பிரித்தறிந்த மொழியில் பிறந்தவர்க்கு இந்த நுட்பம் எட்டாத கனியன்று. சொல்லைத் தேர்ந்து சொல்லும் பழக்கம் நம் முன்னோர் தேடிவைத்த செல்வம். எந்த ஊருக்குச் சென்றாலும், எந்த மொழியைப் பேசினாலும் அது நமக்குக் கைகொடுக்கும்.